வெளியே தாழ்ப்பாள் வைத்த வண்டி

பினாயில் வாசனை எனக்கு ஆகாது. ரயிலடியிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ யாராவது அந்த வெள்ளைத் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தேய்க்கத் தொடங்கினால், மற்றவர்கள் சுத்தமாயிற்று என்று நினைத்துக்கொள்கிற அந்த நேரத்தில், என் காலுக்குக் கீழே பலகை ஆடும், காதுக்குள் அலை இரையும், பக்கத்தில் இல்லாத ஒரு மாடு பெருமூச்சு விடும். நான் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவேன். ஐம்பதைத் தாண்டியாயிற்று, இன்னும் வந்துவிடுகிறேன். அதே போல, கடற்கரையோரமாக அவசரமே இல்லாமல் ஒரு பயணம் போனால் எப்படியிருக்கும் என்று யாராவது கிறங்கிய குரலில் பேச ஆரம்பித்தாலும் எனக்குக் கோபம் வரும். போயிருக்கிறேன் ஐயா. ஒன்பது வயதில், வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கி, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேரக்கூடிய தூரத்தை மூன்று நாள் போனோம். அந்தக் கடலும் சரி, அந்தச் சாலையும் சரி, எங்களை வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாம் ஒரு காகிதத்தில் தொடங்கியது. என் அப்பாவை நான் "நைனா" என்று கூப்பிடுவேன். ஹார்பரில் பாரம் தூக்குகிற இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் அவர் ஃபிட்டர். கப்பலில் வரும் இயந்திரப் பெட்டிகளுக்குள் சாமான் அசையாதிருக்கப் பழைய வெள்ளைக்காரப் பத்திரிகைகளைக் கசக்கி அடைத்திருப்பார்கள். அப்படி வந்த ஒரு தாளை நைனா நீவி மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்துச் சுவரில் ஒட்டினார். ஒரு மோட்டார் வண்டி, அதன் முதுகில் ஒரு சின்ன வீடு, வீட்டு வாசலில் காலைத் தொங்கப்போட்ட இரண்டு பிள்ளைகள், அடுப்பில் எதையோ புரட்டுகிற ஒரு துரைசானி, மடக்கு நாற்காலியில் சுங்கான் பிடிக்கிற ஒரு துரை. அவர்களுக்குப் பின்னால், தாளின் ஓரம் வரைக்கும் கடல். கீழே இருந்த எழுத்தைப் பட்டறைக் குமாஸ்தா படித்துச் சொன்னாராம்: அது அமெரிக்கா, அந்தக் கடல் பசிபிக் மகா சமுத்திரம், அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் கரையோரமாகவே போகிறது, பிடித்த இடத்தில் நிற்கிறது, பிடிக்காவிட்டால் கிளம்பிவிடுகிறது.

"அவனுக்கு ஒரு சமுத்திரம் கீதுன்னா, நமக்கு ஒண்ணு கெடையாதா?" என்றார் நைனா, சுவரைப் பார்த்து.

சுவரைப் பார்த்துத்தான் அவர் பேச வேண்டும். ஏனென்றால் அம்மா அவரோடு பேசி இரண்டு வருஷமாகியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் தம்பி ஏழுமலைக்கு, நான்கு வயதுப் பிள்ளைக்கு, பெரியம்மை போட்டது. வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் அங்கே அம்மன் வந்திருக்கிறாள் என்று தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் சுகாதாரக்காரர்களுக்கும் தெரியும். அவர்கள் தார் பூசிய கறுப்புப் பெட்டி வண்டியைக் குதிரை பூட்டி ஓட்டிவந்து, பிள்ளையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே வடக்கே போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தெருமுனையில் அந்த "அம்மை வண்டி"யின் சத்தம் கேட்டதும், யார் வீட்டு வாசலில் இலை தொங்கினாலும் பெண்கள் ஓடிவந்து பிய்த்து உள்ளே ஒளித்துவிட்டு, ஒன்றுமே இல்லாத முகத்தோடு வாசல் பெருக்குவார்கள். அம்மாவும் அப்படித்தான் செய்தாள். இலையைப் பிய்த்து அரிசிப் பானைக்குள் அமுக்கினாள், ஏழுமலையைத் துணி மூட்டைக்குப் பின்னால் படுக்க வைத்தாள், கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றாள். நைனா அவளைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்று நம்பினார். சுகாதாரக்காரர்கள் அம்மாவை வண்டியில் ஏற்றவில்லை. அவள் டோல்கேட் வரைக்கும் அதன் பின்னாலேயே ஓடினாள். நாலாம் நாள் ஏழுமலை செத்துப்போனான் என்று ஓர் ஆள் வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசுவதற்கு மூன்றாவதாக நான் வேண்டியிருந்தது. "அந்த மனுசனுக்குச் சோறு போட்டாச்சின்னு சொல்லுடி." "அந்த மனுசன் சட்டைய எனக்குத் தோய்க்க வர்லியாம்னு சொல்லுடி." நைனா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் அவர் பக்கம் திரும்பி அதையே மறுபடியும் சொல்வேன். கடைசியில் ஒரு நாள் அம்மா, எண்ணூரில் உப்பளத்தில் வேலை செய்கிற தன் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாகச் சொன்னாள். அதையும் என்னிடம்தான் சொன்னாள். நைனா அன்று முழுவதும் சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானே கொண்டுபோயி உடறேன்னு சொல்லு. வண்டி ஒண்ணு கட்டறேன். மெதுவாப் போவலாம்" என்றார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தபடி யோசித்தாள். பிறகு சொன்ன வார்த்தைகள் எனக்கு அட்சரம் மாறாமல் நினைவிருக்கின்றன: "சரின்னு சொல்லு. வழியில அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துகினு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்னு எனக்குத் தோணிச்சின்னா திரும்பி வரேன். தோணலைன்னா எண்ணூருல எறங்கினவ எறங்கினவதான்."

ஆக, அதுதான் எங்கள் உல்லாசப் பயணம். அம்மா திரும்பி வருவாளா, மாட்டாளா. எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. கடல் கூட அவள் முகத்துக்குப் பின்னால் கிடந்த ஒரு நீலத் துணி, அவ்வளவுதான்.

வண்டியை நைனா எங்கோ ஏலத்தில் எடுத்தார். ஆளுயரப் பெட்டி, கூரைமேல் காற்றுப் போக ஒரு தகரக் குழல். பக்கத்துக்கு ஒரு ஜன்னல் அறுத்து, மடக்குப் பலகை இரண்டு அடித்து, கரண்டி தொங்க ஆணி வைத்து, ஹார்பரில் மிச்சமான சாம்பல் நிறச் சாயத்தை இரண்டு பூச்சுப் பூசி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா ஏறிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கதவுக்கு வெளியே தாப்பா கீது, உள்ளே ஒண்ணும் காணோம்?"

"துரைமாருக்கு ரொட்டி கொண்டு போன வண்டின்னு சொல்லு. ரொட்டி இன்னா உள்ளேருந்து தாப்பாப் போட்டுக்குமா?"

"ரொட்டி வண்டில பினாயில் நாத்தம் எதுக்குன்னு கேளு."

"எலி" என்றார் நைனா.

அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்குமோ என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். தெரியவில்லை என்றே முடிவு செய்திருக்கிறேன். அழுதுகொண்டு ஓடுகிறவள் தாழ்ப்பாளைப் பார்ப்பதில்லை.

மாடு இன்னொரு கூத்து. வண்ணாரப்பேட்டையில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒரு சிநேகிதர் இரவல் கொடுத்தது. பிறந்ததிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு வலப்பக்கமாகவே சுற்றிய மாடு. கண்கட்டை அவிழ்த்தால் உலகத்தைப் பார்த்துப் பயந்து நின்றுவிடும், கட்டினால் வலப்பக்கம் திரும்பும். வடக்கே போகிறவர்களுக்கு வலப்பக்கம் கடல். நாங்கள் கிளம்பியபோது தெருவே வாசலுக்கு வந்து சிரித்தது.

"இன்னா மேஸ்திரி, வூட்டுக்குச் சக்கரம் மொளைச்சிடிச்சா?"

"மாட்டை நம்பி ஏறாத தங்கச்சி, இது சுத்திட்டு ராவுக்குள்ள வூட்டுக்கே வந்துடும்!"

டோல்கேட் வந்தபோது அம்மா சேலையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். வழியில் நின்ற காவல்காரன் ஒருவன் வண்டியைச் சுற்றி வந்து, குழலை அண்ணாந்து பார்த்து, "இத்த நான் எங்கியோ..." என்று ஆரம்பித்தான். நைனா அவசரமாக அவனுக்கு ஒரு பீடி நீட்டி, மாட்டின் வாலைத் திருகினார்.

முதல் நாள் திருவொற்றியூருக்கு இப்பால் ஒரு சவுக்குத் தோப்பு. நைனா வீட்டு நாற்காலியை வண்டிக்கு அடியில் கட்டி எடுத்து வந்திருந்தார். அதை மணலில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கடலைப் பார்த்துப் பீடி இழுத்தார். நாற்காலியின் பின்கால்கள் மெல்ல மெல்லப் புதைந்தன. "தொரை மல்லாக்க உழப் போறாரு, புடிச்சிக்கடி" என்றாள் அம்மா, அடுப்பை ஊதிக்கொண்டே. சோற்றில் மணல், காற்றில் உப்பு, தோப்புக்காரன் வந்து சுள்ளி பொறுக்கக் கூடாது என்று கத்திவிட்டுப் போனான், நாய்கள் எங்கள் சக்கரங்களை முகர்ந்து பார்த்துவிட்டு விலகி நின்று குரைத்தன. மறுநாள் காலையில் கிணற்றடியில் என்னை மூன்று பெண்கள் எந்த ஊர், எந்தத் தெரு, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுக் குடத்தைப் பாதியோடு திருப்பிக் கொடுத்தார்கள். காகிதத்திலிருந்த அந்தத் துரைசானிக்கு யார் தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசித்தேன்.

ஆனால் அன்று மத்தியானம் ஒன்று நடந்தது. நைனா வண்டியோட்டும் பலகையில் கண்ணயர்ந்துவிட்டார். மாடு தன் பாட்டுக்கு வலப்பக்கம் திரும்பி, மணல்மேட்டில் ஏறி, இறங்கி, கண்கட்டோடு நேரே கடலுக்குள் நடந்தது. முதல் அலை அதன் மூக்கில் அடித்ததும் மாடு நின்றது. இரண்டாவது அலை பெட்டிக்குள் புகுந்து பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்துக்கொண்டு போனது. மூன்றாவது அலை நைனாவைப் பலகையிலிருந்து வாரி அவர் நாற்காலியோடு சேர்த்துக் கரையில் உட்கார வைத்தது. பெட்டியின் பின்பக்கம் நனைந்து நின்ற அம்மா அவரைப் பார்த்தாள். நாற்காலியில் அல்ல, மணலில், நாற்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாயில் அணைந்த பீடியோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தாள். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் இல்லாத சத்தம் அது. நைனா எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் நின்றுவிடும் என்று பயந்தவர் போல, அலை வந்து வந்து அடிக்க, அப்படியே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருவாள், திரும்பி வருவாள் என்று நான் மனசுக்குள் கத்தினேன். அன்று சாயங்காலம் அவள் என்னிடம், "அந்த மனுசனுக்குத் தலை தொவட்டத் துணி குடுடி" என்றாள். குரலில் கல் இல்லை.

ஆனால் கடல் சும்மா விடவில்லை. தாரின் மேல் பூசிய சாயம் நிற்காது என்று பட்டறைக்காரருக்குத் தெரியாமல் போகாது, அவசரத்தில் பூசியிருக்கிறார். உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்த சாம்பல் சாயம் மறுநாள் விடிந்தபோது பொருக்குப் பொருக்காக உரிந்து, அடியிலிருந்த கறுப்பு வெளியே வந்திருந்தது. நைனா அதைக் கண்டதும் சாக்குகளை எடுத்துப் பக்கவாட்டில் தொங்கவிட்டார். வெயிலுக்கு என்றார். காற்று அவற்றைத் தூக்கித் தூக்கிக் காட்டியது.

கத்திவாக்கத்துக்கு முன்னால் சாலையை ஒட்டி ஒரு மீனவர் குப்பம். நாங்கள் அதற்குள் நுழைந்தபோது நல்ல காலைப்பொழுது. வலை உலர்ந்தது, பெண்கள் வாசலில் இருந்தார்கள். ஒரு பிள்ளை எங்களைப் பார்த்து, கூரைக் குழலைப் பார்த்து, கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடியது.

"அம்மை வண்டி! அம்மை வண்டி வந்துடிச்சி டோய்!"

அடுத்த நிமிஷம் அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். என் கண்ணெதிரே, ஒரு குடிசை, அடுத்த குடிசை, அதற்கடுத்தது என்று, வாசலில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்துகளைப் பிய்த்து மடியில் அமுக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நைனா மாட்டை அடித்தார். மாடு வலப்பக்கம் திரும்பி ஒரு குடிசை வாசலிலேயே போய் நின்றது. முதல் கல் கூரையில் விழுந்தது, இரண்டாவது ஜன்னல் வழியாக வந்து சோற்றுப் பானையை உடைத்தது.

"எடுக்க இங்க ஒண்ணும் இல்ல, போடா!"

"எம் புள்ளயத் தரமாட்டேன்டா பாவி! கிட்ட வந்தே, கொடலை உருவிடுவேன்!" அந்தக் குடிசைக்காரி, மீன் அரிவாளோடு கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

அம்மா என் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். கல்லுக்கு அவள் குனியவில்லை. அந்தப் பெண் கதவில் முதுகைக் கொடுத்து நின்ற விதத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, நாங்கள் இரண்டு இரவு படுத்து எழுந்த பெட்டியை, அதன் நான்கு பக்கத்தையும் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கல் விழுந்துகொண்டிருந்தது. நேராக அந்த அரிவாள்காரியிடம் போய் நின்றாள்.

"தாயீ, எடுக்க வர்ல. எலையை இருந்த எடத்துலயே கட்டிக்கோ. நானும் குடுத்தவதான்."

அரிவாள் இறங்கியது. கல் நின்றது. ஒருவரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

குப்பத்தைத் தாண்டியதும் அம்மா சாலை நடுவே நின்று, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, என்னை விட்டுவிட்டு நேராக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"யோவ். இது எந்த வண்டி?"

நைனா கயிற்றைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார்.

"அதே வண்டிதான்" என்றார். "ஏலத்துல போட்டானுங்க. ஒடைச்சி வெறகாக்கறேன்னு ஒருத்தன் நின்னான். மனசு கேக்கல. நாம புள்ளயக் கடைசியாப் பாத்த பலகை. அன்னிக்கி உன்னை ஏத்த மாட்டேன்னுட்டானுங்க, பின்னாலயே ஓடினே... ஒரு தரம் உன்னை இதுல ஏத்தி, மெதுவா, கடலைக் காட்டிகினு..."

அந்த மனிதரின் மூளையில் அது அன்பாகத்தான் தோன்றியிருக்கிறது. இன்றும் அதை நினைத்தால் அவரைக் கட்டிக்கொள்ளவும் கை வருகிறது, அறையவும் கை வருகிறது.

"எம் புள்ள வழியெல்லாம் கத்தின பொட்டில என்னைத் தூங்க வெச்சே" என்றாள் அம்மா. "நேத்து சிரிக்க வேற வெச்சே."

அதற்குப் பிறகு அவள் ஏறவில்லை. எண்ணூர் வரைக்கும் வெயிலில் நடந்தாள். நான் அவளோடு நடந்தேன். வண்டி எங்களுக்குப் பின்னால் வந்தது. மாமா வீட்டில் யாரும் அவளை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மாமா நைனாவிடம் மட்டும், "மச்சான், வண்டியத் தெருவுல நிறுத்தாதே, பக்கத்து வூட்டுக்காரன் இங்க யாருக்கு இன்னான்னு கேக்கறான்" என்றார். நைனா அதை உப்பள மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் அங்கேயே கிடந்தார். நான்தான் அவருக்குச் சோறு கொண்டுபோனேன்.

அம்மா திரும்பி வரவேயில்லை. நான் ரயிலில் எண்ணூருக்குப் போய்ப் போய் வந்தே வளர்ந்தேன். வண்டி ராயபுரத்தில் எங்கள் வாசலோரம் கோழிகளுக்கு வீடாக நின்றது. யுத்தத்தின்போது குண்டு விழப்போகிறது என்று ஊரே காலி செய்துகொண்டு ஓடித் திரும்பி வந்து பார்த்தபோது அது அங்கே இல்லை. போன வருஷம் அந்தச் சாலையில் பஸ்ஸில் போனேன். இடப்பக்கம் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வாடை, முன்னால் எண்ணூரின் புகைபோக்கிகள், வலப்பக்கம் கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். அந்தக் குப்பம் இருந்த இடத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. சவுக்குத் தோப்பு இல்லை, நைனா நாற்காலி போட்ட மணல் தண்ணீருக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. பெரியம்மையே ஒழிந்துவிட்டதாம். யார் வீட்டிலாவது கண்டால் வந்து சொல்லுங்கள், சொன்னவருக்குப் பரிசு உண்டு என்று ஒரு சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சுவரில் துப்பியிருப்பாள். அந்த நோய் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் வீட்டைப் பிளந்தது எதுவோ அது உலகத்திலேயே இல்லை என்றால், நான் இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அன்று, எண்ணூருக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள் காலையில், நைனா மாட்டைப் பூட்டினார். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே போய் வண்டியில் ஏறிக்கொண்டேன், ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா உப்பு வாரும் பலகையைக் கையில் பிடித்தபடி வரப்பில் நின்றாள். நைனா அவளிடம் போய், இரண்டு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னார்.

"நான் கதவைத் தொறந்திருக்கக் கூடாது."

அம்மா உப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தொறக்கலைன்னாலும் போயிருப்பான். அது எனக்கும் தெரியும். அதுக்காக நீ தொறக்கலைன்னு ஆயிடுமா? போ."